சுத்தப் பிரதி

சேகர்,

கடிதம் என்றால் முதல் வரியில் இங்கு அனைவரும் நலம் என்று எழுதிவிட்டு, இரண்டாம் வரியில் அங்குள்ளோர் நலத்தை விசாரிக்க வேண்டும். கோர்ட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து அந்த இரண்டு வரிகளை எத்தனை பேருக்காக எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வீடு ஜப்தியான மறுநாள் வந்தவருக்கும் எழுதியிருக்கிறேன். மகனை அடக்கம் செய்துவிட்டு வந்து தூரத்துச் சொந்தத்துக்குக் கடிதம் போடச் சொன்ன ஒரு பெரியவர், நான் எழுதியதைப் படித்துக் காட்டியபோது அந்த வரிக்கு மட்டும் தலையாட்டினார். இந்தக் கடிதத்தில் அந்த வரியை விட்டுவிட்டேன். இங்கே அனைவரும் என்பது நான் ஒருவன். எனக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை.

இது நீளமான கடிதம். ஷிப்டு முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் படி. படித்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல் சரோஜாவிடம் கொடு. அவள் எட்டாவது வரை படித்தவள், என் எழுத்து அவளுக்குப் புரியும். மருமகள் படிக்கக்கூடாத விஷயம் இதில் எதுவுமில்லை. மாமனார் இப்படிப்பட்டவரா என்று அவள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறாள்.

போன மாதம் ஒரு கிரயப் பத்திரத்துக்காகப் பொன்னேரி வந்தவன், வேலை சீக்கிரம் முடிந்ததால் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். நீ வேலையில் இருந்தாய். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிக்குப் பின்னால் இருக்கும் அந்த வரிசை வீடுகளில் உன் வீட்டுக் கதவு மட்டும் அகலத் திறந்து கிடந்தது. சரோஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்தவள் துவட்டவில்லை. ரவிக்கையின் முதுகெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாமா" என்றாள். ஸ்டவ்வில் பாலை வைத்தாள். பால் பொங்கி வழிந்து, ஸ்டவ் அணைந்து, மண்ணெண்ணெய் நாற்றம் வரும்வரை அதன் எதிரிலேயே நின்றாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பால் எல்லார் வீட்டிலும் பொங்குகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பாயில் இருந்த உன் மகளை.

ஒன்பது மாதக் குழந்தை. ஈரத் துணியில் உட்கார்ந்திருந்தது. பசி நேரமும்கூட. அது அழவில்லை. தன் தாயின் முகத்தைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தது. பிறகு, டிக்கெட் கவுண்டர் மூடியிருப்பதைக் கண்டு திரும்பிப் போகிறவர்களைப் போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரைத் தகட்டைப் பார்க்க ஆரம்பித்தது. அதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்க்க வந்துவிட்டாள். "இத்த மாரி சமத்துக் கொழந்தய நான் பாத்ததே இல்ல பெரியவரே" என்றாள். "ஊட்ல கீதா இல்லியான்னே தெரியாது. எங்க ஊட்லயும் ஒண்ணு கீது, ஊரையே கூட்டிடும்."

சாயங்காலம் நீ என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டாய். வழியில் நாம் பேசியதை நீ மறந்திருக்கலாம். நான் ரயிலில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

"கொழந்த ரொம்ப சமத்து நைனா. அழுவவே அழுவாது."

"சரோஜாவுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் சோம்பல். அவ்ளோதான்."

"அவங்க அம்மா வந்து பாத்தாங்களா?"

"வர்றேன்னுதான் லெட்டர் போட்டாங்க. நான்தான் பதில் எழுதிட்டேன், எல்லாரும் சௌக்கியம், அறுப்பு நேரத்துல நீங்க எதுக்கு அலையணும்னு."

"சரோஜாவைக் கேட்டியா?"

"இதுல கேக்கறதுக்கு இன்னா நைனா கீது?"

ரயில் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். நீ எழுதிய அந்தப் பதில் அழகாகத்தான் இருந்திருக்கும். உன் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று உன் சூப்பர்வைசர் சொன்னதாகக்கூட ஒருமுறை எழுதியிருந்தாய். அந்த எழுத்து எப்படி அழகாயிற்று என்பது எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா கன்னியம்மா பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். நானும் அதே குப்பம்தான். அங்கே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் என்பதால் எனக்கு வலையைத் தொட வெட்கமாக இருந்தது. வலையும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருக்கும். தாய் தகப்பன் இல்லாத உன் அம்மாவை வளர்த்தது அவள் அக்கா எல்லம்மா. இரண்டு பேரும் கூடை சுமந்து பொன்னேரிச் சந்தையில் இறால் விற்பார்கள். பேரத்தில் உன் அம்மாவிடம் ஜெயித்தவர் கிடையாது. இறாலைக் கிளறிக் கிளறிப் பார்த்த ஒரு பெரிய மனிதரிடம், "கண்ணால பாத்ததுக்குக் காசு வாங்கறதில்ல நைனா. கையால தொட்டா கல்யாணம் பண்ணிக்கினு போ" என்று அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதைக் கேட்டுத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டதும் அவள் அப்படிப் பேசுவதை நிறுத்தினேன்.

திருவள்ளூரில் நாம் குடியிருந்த வீடு உனக்கு நினைவிருக்கும். சைவத் தெரு. மீன் சமைக்கக் கூடாது, மீன்காரர் உறவும் வாசலில் தெரியக் கூடாது என்று வீட்டுக்காரர் நிபந்தனை போட்டார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். உள்ளூர மகிழ்ச்சிகூட. மீன் வாசனை இல்லாத வீட்டில் இருப்பதுதான் முன்னேற்றம் என்று நான் படித்த புத்தகங்கள் எதிலும் இல்லை. அது நானாகக் கண்டுபிடித்தது. காலையில் கூடையோடு கிளம்பி, நாலு ஊர்க்காரர்களோடு சண்டை போட்டுச் சிரித்து, வெயில் சாயும்போது வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து, பருப்பு வேகிறதா என்று பார்க்கும் வேலையில் அமர்த்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் பழகிக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அறுபத்தொன்றாம் வருஷம் உனக்கு ஒரு தங்கை பிறந்தாள். பதினோரு நாள் இருந்தாள். பெரியம்மா வந்து பதினாறு நாள் கூட இருந்துவிட்டுப் போனாள். முதல் மாதம் முழுக்க உன் அம்மா அழுதாள். அது எல்லாருக்கும் புரிந்தது. இரண்டாம் மாதம் அழுகை நின்றது. தேறிவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். நின்றது அழுகை மட்டும்தான். காலையில் எழுந்திருக்க மாட்டாள். எழுந்தால் கிணற்றடியில் போய் உட்காருவாள். அரிசியை நீரில் போட்டுவிட்டுப் போனால் மதியம் வரை அது அப்படியே ஊறும். கூப்பிட்டால் மூன்றாம் தடவை திரும்பிப் பார்ப்பாள், யாரையோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்பதைப் போல.

இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது என்று இப்போது பத்திரிகைகளில் படிக்கிறேன். அன்றைக்கு எங்களிடம் இருந்தவை இரண்டே சொற்கள். ஒன்று சோம்பேறி. மற்றது கீழ்ப்பாக்கம், அதாவது பைத்தியக்கார ஆஸ்பத்திரி. முதல் சொல் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டேன். நீயும் அதையே எடுத்திருக்கிறாய். நான் உனக்குச் சொத்து எதுவும் வைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டு லோகம்மா ஒருநாள் என்னிடம் வந்து, "தம்பி, ஆடி மாசம் நாங்க பத்து பேரு வண்டி கட்டினு பெரியபாளையம் கோயிலுக்குப் போறோம். கன்னிம்மாவயும் இட்டுனு போறோம், அனுப்பி வெய்யி" என்றாள். நான் மூடநம்பிக்கையை எதிர்த்துப் புத்தகம் படிக்கிறவன். அந்த அம்மாளுக்கு அரைமணி நேரம் விளக்கம் சொல்லித் திருப்பி அனுப்பினேன். உன் அம்மாவுக்கு ஒரு பாட்டில் டானிக் வாங்கிக் கொடுத்தேன். பத்துப் பெண்களோடு ஒரு மாட்டுவண்டியில் வம்பு பேசிக்கொண்டு ஒருநாள் போய்வந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி என் புத்தகங்களில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

நீ இதற்கு நடுவில்தான் வளர்ந்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உடனே உள்ளே வரமாட்டாய். வாசற்படியில் நின்று அம்மா முகத்தைப் பார்ப்பாய். பார்த்த பிறகுதான் பையைக் கீழே வைப்பதா, சத்தமில்லாமல் போய் அரிசி களைவதா என்று முடிவு செய்வாய். ஏழு வயதில் உலை வைத்தாய். காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டாய். நெற்றியை நான் தற்செயலாகத் தொட்டால்தான் தெரியும். லோகம்மா வீட்டுக்குப் போய் ஏதாவது வேடிக்கைக் கதை கேட்டு வந்து அம்மாவிடம் சொல்வாய். சொல்லும்போது உன் கண் அவள் உதட்டின் மேலேயே இருக்கும். உதடு அசையாது. மறுநாள் வேறு கதை கொண்டுவருவாய். ஒரு நாள் நிறுத்திவிட்டாய். என்றைக்கு என்று எனக்குத் தெரியவில்லை. தெருவே உன்னைச் சமத்து என்றது. உன் வாத்தியார், இப்படி ஒரு பிள்ளை எனக்கில்லையே என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன். எட்டு வயதில் ஒரு பிள்ளை எதுவுமே கேட்பதில்லை என்றால், கேட்டும் பயனில்லை என்று அது முன்பே தெரிந்துகொண்டுவிட்டது என்பது எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை வளர்ப்பில் என் கைராசி என்று நினைத்தேன்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதம் ஒரு கடிதம் அவள் அக்காவுக்குப் போகும், எழுதுவது நான். குப்பத்தில் தபால்காரர்தான் கடிதத்தைப் படித்துக் காட்டுவார். வலை காயப் போட்ட இடத்தில் நின்று உரக்கப் படிப்பார். யாருக்கு வந்ததானாலும் பத்துப் பேர் கேட்பார்கள், அங்கே அது தப்பில்லை. என் மாமன் மச்சான்கள், என்னோடு படித்துத் தோற்றவர்கள் எல்லாரும் அந்தப் பத்துப் பேரில் உண்டு. ஆகவே அவள் சொல்வது போல நான் பார்த்துத்தான் எழுதுவேன்: தங்கள் ஆசியால் நானும் அவரும் குழந்தையும் சுகம், வீட்டில் ஒரு குறையும் இல்லை. உன் அம்மாவைக் கேட்டதில்லை. ஒருமுறை ஏதோ நினைத்துக்கொண்டு அவளுக்கே படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். "யாரு இவ? நல்லா கீறா போல கீதே" என்றாள். நகைச்சுவை திரும்பிவிட்டது, உடம்பு தேறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபத்திரண்டில் ஒருநாள் மதியம் நீ கோர்ட்டு வாசலுக்கு ஓடி வந்தாய். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். கையில் ஒரு இன்லண்டு லெட்டர். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

"நைனா, அம்மா சொல்லிச்சு, நான் எழுதினேன். பெரிம்மாவுக்கு. அட்ரஸ் மட்டும் நீ போட்டுக் குடு. பொட்டில நானே போட்டுடறேன்."

மனு எழுத வந்து எதிரில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர், "இன்னா சார், தொழிலுக்கு அடுத்த ஆளு ரெடியாயிட்ச்சா?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு வரி படித்ததும் மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டேன். "கோழி கிளறின மாரி கீது. இத்த எவன் படிப்பான்?" என்றேன். கட்சிக்காரருக்காகச் சொன்னது அது, உனக்காக அல்ல. ஆனால் கேட்டது நீ. "வெச்சிட்டுப் போ. அட்ரஸ் எழுதி நானே போட்டுடறேன்."

நீ தயங்கினாய். "நானேதான் போடணும்னு அம்மா சொல்லிச்சு நைனா." நான் பார்த்த பார்வையில் போய்விட்டாய். வாசல் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாய்.

கட்சிக்காரர் போனபின் முழுவதும் படித்தேன். நீ எழுதியது இது:

"அக்கா எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா காலைல எழுந்துக்க முடியல. எதுவும் வேணும்னு தோணல. புள்ள பக்கத்துல வந்தா தூரமா போன்னு சொல்லத் தோணுது. அவன் இன்னா பண்ணான் பாவம். அவன் எனுக்கு சோறு ஆக்கிப் போடறான். எனுக்கு அவனப் பாத்தா ஒண்ணுமே தோணல அக்கா. கெணத்தாண்ட போவக் கூடாதுன்னு நெனச்சிக்கினே போறேன். நீ வந்து என்ன இட்டுனு போ. ஒரு மாசம் போதும். மீன் வெட்டிக்கினு ஒம் பக்கத்துல குந்திக்கினு இருந்தா எனுக்கு சரியாயிடும்."

பிள்ளை பக்கத்தில் வந்தால் தூரப் போ என்று சொல்லத் தோன்றுகிறது என்பதை அந்தப் பிள்ளையே எழுதியிருக்கிறது. ஒரு சொல்லைக்கூட விடவில்லை. உன் அம்மாவின் நோயைப் பற்றி எந்த டாக்டரும் அவ்வளவு தெளிவாக எழுதியிருக்க முடியாது. என்ன செய்தால் குணமாகும் என்பதையும் அவளே சொல்லியிருந்தாள். எல்லாம் ஒரே தாளில் என் கையில் இருந்தது.

எங்கள் தொழிலில் கட்சிக்காரர் சொல்வதை முதலில் அப்படியே கிறுக்கி வைத்துக்கொள்வோம். பிறகு வேண்டாததை நீக்கி, வேண்டியதைச் சேர்த்து, நல்ல தாளில் எழுதுவோம். அதற்குச் சுத்தப் பிரதி என்று பெயர். அன்று உன் அம்மாவின் கடிதத்துக்கு ஒரு சுத்தப் பிரதி எடுத்தேன். வேண்டாததை நீக்கியதும் மிஞ்சியது அக்கா என்ற சொல் ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது: சுகம், ஒரு குறையும் இல்லை. தபால்காரர் வலைகளுக்கு நடுவில் நின்று கிணற்றைப் பற்றிப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கிணற்றைப் பற்றி நினைக்கவில்லை. பிரதியைத் தபாலில் போட்டேன். அசலைப் பெட்டிக்குள் வைத்தேன். பத்திரம் எழுதுகிறவன் அசலைக் கிழிக்க மாட்டான். என் யோக்கியதையில் மிச்சம் இருந்தது அது.

அன்று சாயங்காலமே உன் அம்மா மாறினாள். அதை நீ மறந்திருக்க மாட்டாய். "போட்டாச்சா?" என்று உன்னைக் கேட்டாள். "நைனா போட்டுடுச்சு" என்றாய். மறுநாள் காலையில் தானாக எழுந்து தலை வாரினாள். அக்கா வந்தால் கட்டிக்கொள்ள ஒரு புடவையைத் துவைத்து மடித்து வைத்தாள். உனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பொன்னேரி பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாள். நீயும் பக்கத்தில் நிற்பாய். அந்தப் பத்து நாள்தான், தங்கை பிறந்து போன பிறகு உனக்கு அம்மா இருந்த நாட்கள். நான் அதைப் பார்த்து, நாம் அனுப்பிய கடிதம்தான் சரி, வீணாகக் கலவரப்பட வேண்டியதில்லை, தானாகத் தேறுகிறாள் என்று முடிவு கட்டினேன். பதினோராம் நாள் அவள் வாசலுக்குப் போகவில்லை.

"நான் சொன்னதெல்லாம் எழுதினியாடா?" என்று உன்னைக் கேட்டாள். நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"எழுதினேன்மா."

"ஒண்ணும் உட்டுடலியே?"

"உடலம்மா. நீ சொன்னத அப்பிடியே எழுதினேன்."

"அப்ப அவளுக்கு வர மனசில்ல" என்றாள்.

நீ என்னிடம் வந்தாய். கண்ணாடியில் என் முகத்துக்குக் கீழே உன் முகம் தெரிந்தது. "நைனா, என் எழுத்து கோழி கிளறின மாரி இருந்திச்சே, அதனால போஸ்ட்மேனுக்குப் படிக்க வரலியா? அதான் பெரிம்மா வரலியா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இல்லை என்று ஒரு சொல் போதும். நான் கத்தியைக் கழுவிக்கொண்டே, "இருக்கலாம். இனிமே நல்லா எழுதிப் பழகு" என்றேன். சாயங்காலம் நாலு கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். பொறுப்புள்ள தகப்பன் அல்லவா.

நீ எழுதினாய். அந்த வருஷம் முழுக்க எழுதினாய். நோட்டு தீர்ந்ததும் பழைய மனுக்களின் முதுகில் எழுதினாய். எழுதி முடித்து லோகம்மாவிடம் கொண்டுபோய், படிக்க வருகிறதா என்று கேட்பாயாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "கண்ணாட்டம் கீதுடா" என்பாளாம். அஞ்சாவதில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினாய், ஒரு பித்தளைக் கிண்ணம். அன்று உன் அம்மாவுக்கு மோசமான நாள். கிண்ணத்தைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு சுற்றினாய். ஒரு வாரம் கழித்து அரிசிப் பானையில் அது அகப்பட்டது. நீ அதில் அரிசி அளந்துகொண்டிருந்தாய்.

அறுபத்துநாலில் பெரியம்மா தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். முந்தானைக்குள் ஒளித்துத் தங்கைக்குக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். உன் அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். இவள் திரும்பவேயில்லை. நான் பெரியம்மாவை பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன்.

"இன்னா தம்பி ஆச்சு அவளுக்கு? மாசா மாசம் சொகம் சொகம்னுதான லெட்டர் வருது?"

"கொஞ்சம் உடம்பு சரியில்ல."

"ஒரு வார்த்த எழுதியிருந்தா பறந்து வந்திருக்க மாட்டனா? எதுக்கு இப்பிடி மூஞ்சத் திருப்பறா? நான் இன்னா தப்பு பண்ணேன் தம்பி?"

நான் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். கண்டக்டரிடம் பத்திரமாக இறக்கிவிடச் சொன்னேன். என்னை மாதிரி மரியாதை தெரிந்த மாப்பிள்ளை குப்பத்திலேயே இல்லை என்று அவள் போகும் இடமெல்லாம் சொல்வாளாம்.

உன் அம்மா எழுபத்தொன்றில் நாலு நாள் காய்ச்சலில் போனாள். டாக்டர் எழுதிக் கொடுத்த காரணத்தில் பிழை ஏதுமில்லை. அவர் அந்த நாலு நாளைத்தான் பார்த்தார். பெரியம்மா வந்து மாரில் அடித்துக்கொண்டு, "ஒரு வரி எழுதலியேடி, கூப்ட்டிருந்தா வந்திருப்பேனேடி" என்று அழுதாள். உனக்கு அப்போது பதினேழு. தூணோரம் நின்றாய். நீ அழவில்லை. குனிந்து உன் வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை. சாவு வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். பாடைக்கு மூங்கில் சரியாக வந்ததா என்று பார்க்கப் போய்விட்டேன்.

சேகர், இதை மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. மன்னிப்பு மனுக்களும் நிறைய எழுதியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலும் எழுதுகிறவனின் சௌகரியம்தான் இருக்கும். எனக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். உன் மகள் கூரையைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். அது அழட்டும். அழுதால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் குழந்தை அழும். சமத்து என்று யாராவது சொன்னால், நீ பயப்படு. சரோஜா சோம்பேறி இல்லை. அவளை டாக்டரிடம் கூட்டிப்போ. டாக்டர் கீழ்ப்பாக்கம் என்றால் கீழ்ப்பாக்கம் போ. அது பஸ் போகும் ஒரு ஊர், அவ்வளவுதான். யாராவது கோயிலுக்கு வண்டி கட்டினால் அதிலும் அனுப்பு. எனக்குப் புத்தகத்தில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. சாமியிடம் இன்னும் வரவில்லை. வண்டியில் இருக்கிறது.

இந்த உறைக்குள் இன்னும் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று புது இன்லண்டு. சரோஜாவின் அம்மா விலாசத்தை நான் எழுதிவிட்டேன். உள்ளே வெறுமையாக இருக்கிறது. அதைச் சரோஜாவிடம் கொடு. அவள் எழுதி ஒட்டிக் கொடுத்தால், பிரிக்காமல் பெட்டியில் போட்டுவிட்டு வா. அவளால் எழுத முடியாமல் இருந்தால், அவள் சொல்லச் சொல்ல நீ எழுது. சில வரிகள் உன்னைப் பற்றி இருக்கும். எழுதக் கை வராது. ஒரு சொல்லையும் விடாதே, ஒரு சொல்லையும் சேர்க்காதே. எட்டு வயதில் அதை நீ செய்திருக்கிறாய். திருவள்ளூர் கோர்ட்டு வாசலில் அதைச் செய்யத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை.

மற்றது பழைய தாள். அசல். அதிலிருந்து ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன், இந்தத் தடவை எதையும் நீக்காமல். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பழவேற்காடு போகிறேன். பெரியம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லையாம், காது கேட்கிறதாம். வலை காயப் போடும் இடத்துக்கு அவளைக் கூட்டிப் போய், எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கு நடுவில் உரக்கப் படிக்கப் போகிறேன். அதன்பின் அவர்கள் என்ன செய்கிறார்களோ அது அவர்கள் பாடு.

நீ அந்தத் தாளைப் பிரித்துப் பார். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. இந்தப் பதினாறு வருஷத்தில் அதை நான் பலமுறை எடுத்துப் படித்துவிட்டேன். ஒரு இடத்தில்கூட எனக்குத் தடுக்கியதில்லை. அந்தத் தபால்காரருக்கும் தடுக்கியிருக்காது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது, சேகர்.

உன் நைனா